ராட்டினத்தில் தறி மிதித்த கால்

கல்யாணமான புதுசில் நானும் என் மனைவியும் போன பொழுதுபோக்குப் பூங்கா, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் இப்போது பாழடைந்து கிடக்கிறது. போன மாதம் வேலி இடுக்கு வழியாக உள்ளே நுழைந்தோம். அவள் வேண்டாம் என்றாள். ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தால் உலகமா முழுகிவிடும்? ராட்சத ராட்டினத்தின் கீழ்ப்பெட்டியில் ஏறினேன். காற்றடித்தது. பெட்டி கிறீச்சென்று ஆடியது.

நான் பட்டு நெய்கிறவன். பயந்தால் என் கால் தானாகத் தறி மிதிக்கும். கல்யாணமான புதுசில் இதே ராட்டினத்தின் உச்சியில் நான் மிதித்ததைப் பார்த்து, "இங்க எந்தப் பொடவைய நெய்யறீங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போதும் மிதித்தேன். துருப்பிடித்த தகடு உடைந்து, கால் முழங்கால்வரை ஓட்டைக்குள் போய்விட்டது.

"கால ஆட்டாதய்யா!" ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

என் காலுக்கும் தரைக்கும் ஒரு சாண்தான் இருந்தது. உச்சியில் சிரித்தவள், அந்த ஒரு சாணுக்கு அழுதாள்.