சட்டைப் பையில் இருந்த ஓமம்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் நான் சூப்பர்வைசர். களிமண் தூசியில் எங்கள் எல்லோருக்குமே மூக்கு அடைத்துக்கொண்டுதான் இருக்கும். பொம்மைகளில் பிசிறு தேய்க்க கம்மாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் அம்மா தினமும் நெற்றியில் சுக்குப் பற்றோடுதான் உட்காருவார். பற்று காய்ந்து உதிர்வதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். பெரிய துரை பாருங்கள்.

போன மழைக்கு எனக்கே தலையில் நீர் கோத்துக்கொண்டது. மாத்திரை எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாதான் ஓமத்தை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். கசக்கி மோந்ததும் மூக்கு திறந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மோந்தேன். ஒரு நல்ல வார்த்தை சொன்னேனா? இல்லை.

அந்த வாரம் சூளையிலிருந்து எடுத்த பிள்ளையார்களில் பாதிக்கு முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழி. பளபளப்புக்காக முக்கியெடுக்கும் கிளேஸில் தூசி தும்பு சேர்ந்தால், அது சூளையில் எரிந்து இப்படிக் குழி விழும். யார் பார்த்த வேலை என்று முதலாளி கத்தினார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்த அம்மாவின் நெற்றியைக் காட்டினேன்.

அவர் முந்தானையால் பற்றைத் துடைத்தார்.

"ஒவ்வொரு பொம்மையும் தொடச்சிட்டுத்தாங்க சார் வெக்கறேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார் முதலாளி.

சனிக்கிழமை கிளேஸ் தொட்டியைக் கழுவினேன். அடியில் ஊறிக் கிடந்தது ஓமம். பையைத் தடவிப் பார்த்தேன். முடிச்சு தளர்ந்து பொட்டலம் பாதி காலி. தொட்டியில் குனிந்து குனிந்து கலக்கியவன் நான்தானே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அப்போதே முதலாளியிடம் ஓடியிருக்க வேண்டும். என் வேலை போய்விடும் என்று பயந்து, எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்றினேன்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஒதுங்கப் பார்த்தேன்; அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். நெற்றி வெறுமையாக இருந்தது. வாயால் மூச்சு வாங்கினார்.

"பத்து போடறதையே வுட்டுட்டேன் சார். மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.