ஐந்தாம் நாள் எண்ணிக்கை

விதைப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு நானூறு என்று பெயர். எந்த விதை வந்தாலும் நானூறு எண்ணி எடுத்து, முளைக்க வைத்து, எத்தனை முளைத்தது என்று சொல்வது அவள் வேலை. இருபத்து மூன்று வருடமாக எண்ணுகிறாள். முந்நூற்றுத் தொண்ணூறைத் தாண்டிவிட்டால் கூரை இடிந்து விழுந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள் என்று நிலையத்து ஓட்டுநர் சொல்வார்.

அரசாங்கத்திடம் பணம் இல்லை என்று செய்தி வரத் தொடங்கி இரண்டு வருடமாயிற்று. முதலில் ஓய்வு பெற்றவர்களின் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. பிறகு வண்டியை எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுநர் மட்டும் மிஞ்சினார். பேருந்தில் வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, பேருந்தில் திரும்பிப் போவார். பிறகு, மாலை ஐந்து மணிக்கு மேல் எந்த இயந்திரமும் ஓடக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. கடைசியாக வந்த உத்தரவு நிலையத்தையே மூடச் சொன்னது. அவளை நிலப் பதிவு அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

மூடுகிற வெள்ளிக்கிழமை ஒரே ஒரு மாதிரிதான் பாக்கி. ஒரு உழவர் சங்கம் விதைக்கென்று எடுத்து வைத்திருந்த அறுபது மூட்டை நிலக்கடலையின் மாதிரி. நூற்றுக்கு எழுபது முளைத்தால் விதை. குறைந்தால் எண்ணெய் மில்லுக்குப் போகவேண்டியதுதான். ஈரத்தாளில் ஐம்பது ஐம்பதாகச் சுருட்டிய எட்டுச் சுருள்கள் சூட்டுப் பெட்டிக்குள் நின்றன. ஐந்தாம் நாள் ஒரு தடவை, பத்தாம் நாள் ஒரு தடவை எண்ணவேண்டும். அன்று ஐந்தாம் நாள்.

அதிகாரி அவளைவிடப் பத்து வயது இளையவர். மேசையைக் காலி செய்துகொண்டே கேட்டார். "அக்கா, ரிஜிஸ்டரை இன்னைக்கே முடிச்சு அனுப்பணும். அந்தக் கடலை என்ன ஆச்சு?"

"இன்னும் அஞ்சு நாள் இருக்கு சார்."

"அஞ்சு நாள் கழிச்சு இங்க நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன். இருக்கறதை எழுதிடுங்க."

இன்னொரு நாளாக இருந்தால் வாதாடியிருப்பாள். அன்று தெம்பில்லை. எண்ணினாள். இருநூற்றெட்டு. நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி முத்திரையைக் குத்தி, ரிஜிஸ்டரோடு முத்திரையையும் உறையில் போட்டு ஒட்டினார். சங்கத் தலைவருக்கு அவரே போன் செய்தார்.

"நானூறு, இனிமே நிலத்தை எண்ணப் போறீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"விதை இல்லாத நிலத்தை எண்ணி என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கணவர் டீ போட்டு வைத்திருந்தார். கடிகாரம் பழுது பார்ப்பவர். அவள் முகம் கழுவி வருவதற்குள் டீ ஆறிவிட்டது. இப்படி ஆறவிட்டிருக்கிறீர்களே என்றாள்.

"அடுப்பை அணைச்சு அரை மணி ஆச்சு. ஆறாம என்ன செய்யும்?"

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். சூட்டுப் பெட்டியைத் தினமும் ஐந்து மணிக்கு அணைத்தது அவள்தான். காலை ஒன்பதுக்குப் போட்டதும் அவள்தான். அந்த விதை ஐந்து நாளில் இரண்டு நாள் சூடுகூடக் கண்டிருக்காது. சுற்றறிக்கை வந்த பிறகு வந்த முதல் மாதிரி அது. தெரிந்தே இருந்தும் கணக்கில் எடுக்கவில்லை.

மறுநாள் காலை காவலாளியைப் பிடித்துக் கதவைத் திறக்கச் சொன்னாள்.

"மூடின ஆபீஸ்ல என்னம்மா வேலை?"

"ஒரு சாமானை விட்டுட்டுப் போயிட்டேன்."

எட்டுச் சுருளையும் வாளியில் நிற்க வைத்து, ஈரத்துண்டு போர்த்தி, பேருந்தில் மடியோடு அணைத்துக்கொண்டு வந்தாள். கணவரின் மேசை விளக்கைப் பிடுங்கி, சூட்டுக்காக வாளிக்கு மேல் வைத்தாள்.

"இருபது வருஷத்துல என்னை இப்படிப் போர்த்திவிட்டதில்லை" என்றார் அவர். ஆனால் வேலையை ஜன்னலோரம் மாற்றிக்கொண்டார்.

சங்கத் தலைவருக்குப் போன் செய்தாள்.

"தேறலைன்னு நேத்தே சார் சொல்லிட்டாரேம்மா. செவ்வாய்க்கிழமை மில் லாரி வருது."

"குடுக்காதீங்கய்யா. நான் எண்ணினது தப்பு."

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"போட்டேன். போட்டிருக்கக் கூடாது. புதன்கிழமை வரைக்கும் பொறுங்க."

"லாரியை விட்டுட்டு, புதன்கிழமையும் நீங்க தேறலைன்னு சொன்னா அறுபது மூட்டையையும் நாங்களே உக்காந்து கொறிக்க வேண்டியதுதான்."

"அப்படியும் ஆகலாம். தேறும்னு நான் சொல்ல வரலை."

"சரி, எல்லார்கிட்டயும் கேட்டுப் பாக்கறேன். என் பேச்சை எவன் கேக்கறான்."

திங்களும் செவ்வாயும் புது அலுவலகத்தில் அவளுக்கு நாற்காலி மட்டும் கொடுத்தார்கள், வேலை கொடுக்கவில்லை. புதன்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் சுருள்களைப் பிரித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினாள். அதே முந்நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுக்கு எழுபத்தெட்டு. கணவர் ஏதோ கேட்டார். அவளுக்குக் காதில் விழவில்லை.

மதியம் சங்கத் தலைவர் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார். குடையை மடக்கியபடி, "பாதிப் பேர் கேக்கலை. முப்பது மூட்டை லாரியில போயிடுச்சு" என்றார். எழுபத்தெட்டு என்று அவள் சொன்னதும் குடையின் நுனியால் தரையைக் கீறிக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை.

வெள்ளைத்தாளில் எழுதியிருந்ததைக் கொடுத்தாள். ஐந்தாம் நாளிலேயே முடிவு எழுதியது தன் தவறு, பெட்டி மாலையில் அணைக்கப்பட்டது, பத்தாம் நாள் எண்ணிக்கை இது. கீழே கையெழுத்து.

"சீல்?"

"இல்லை."

"இல்லாட்டி வெளி ஊருக்கு விதைன்னு குடுக்க முடியாதேம்மா."

"முடியாது. உங்க காட்டுல விதைக்கலாம்."

"விதைக்கறோம். இவ்வளவு தூரம் ஆனப்புறம் வேறென்ன செய்ய." தாளை மடித்தார். "அடுத்த வருஷம் எங்க கொண்டு வரது?"

எந்த ஊரில் நிலையம் மிச்சமிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. தாளைத் திரும்ப வாங்கி, பின்பக்கத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்தாள்.

அவர் கண்ணைச் சுருக்கிப் படித்தார். "இது வீட்டு விலாசமா?"

"வீடுதான். மூட்டையைத் தூக்கிட்டு வந்துடாதீங்க. ரெண்டு கிலோ போதும்."