இருநூற்றுப் பதினான்காம் எண் பில்லை

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கிரேஸ் போன் செய்தாள். "அங்கிள், அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறோம்" என்றாள். மாசிலாமணி அண்ணனின் ஒரே மகள் அவள். ஹைதராபாத் குஷாய்குடாவில் அவள் வீட்டில்தான் அண்ணன் கடைசி வருடங்களைக் கழித்தார். போனை வைத்துவிட்டு அழுதேன். அழுதுகொண்டே போய் பீரோவைத் திறந்து ஒரு பித்தளைப் பில்லையைத் தேட ஆரம்பித்தேன்.

ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, மேலே ஓர் ஓட்டையோடு, நடுவில் 214 என்று எண் வெட்டிய பில்லை அது. அவருடைய சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அதை அவரிடம் ஒப்படைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பீரோவில் இல்லை. பூஜை அலமாரியில் இல்லை. பத்திரங்கள் வைத்த பையிலும் இல்லை. "துக்க வீட்டுக்குப் போகாம என்னத்தத் தேடுதீங்க?" என்று கேட்டாள் என் மனைவி கோமதி. சொன்னேன். அவளும் மளமளவென்று டப்பாக்களைக் கவிழ்க்க ஆரம்பித்தாள்.

எங்கள் நிலக்கரிக் காலனியில் இருந்தவர்களுக்கு இந்தப் பில்லையின் கதை தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் இன்னொரு முறை கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எலக்ட்ரீஷியன் வேலைக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் காலனியில் தமிழ்க் குடும்பங்கள் பத்துகூட இல்லை. கோதாவரிப் பக்கத்துக் காட்டுக்கு நடுவில் வரிசையாக ஓட்டுக் குவார்ட்டர்ஸ். வெள்ளைச் சட்டையைக் காயப்போட்டால் மாலையில் சாம்பல் சட்டையாக எடுக்கலாம். முதல் நாள் சுரங்கத்தில் இறங்க விளக்கு வாங்கப் போனேன். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் நரைமீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். "தமிழா? எந்த ஊரு? சாப்ட்டியா?" என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றாவதற்கு மட்டும் பதிலை எதிர்பார்த்துக் காத்திருந்தார். அவர்தான் மாசிலாமணி அண்ணன், வட ஆர்க்காட்டுக்காரர். இடது காலை இழுத்து நடப்பார். அவர் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால் லேம்ப் ரூமில் போட்டிருந்தார்கள்.

லேம்ப் ரூமின் சட்டம் எளிமையானது. இறங்குகிறவர் தன் எண் போட்ட பில்லையை ஜன்னலில் கொடுத்து, அதே எண் போட்ட தலைவிளக்கை வாங்கிக்கொள்ள வேண்டும். பில்லை சுவரில் அவருடைய ஆணியில் தொங்கும். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்துப் பில்லையைத் திரும்பப் பெற வேண்டும். ஷிப்ட் முடிந்த பிறகும் ஆணியில் ஒரு பில்லை தொங்கினால், ஓர் ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம்.

இந்தச் சட்டத்தை அண்ணன் சுரங்கத்தோடு விட்டாரா என்றால், இல்லை. காலனியிலிருந்து கோதாவரிக்குப் பிக்னிக் போனாலும் பஸ் வாசலில் நின்று பழைய பில்லைகளை ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். ஒரு முறை திரும்பும்போது ஒன்று குறைந்தது. மணலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மேனேஜரின் மைத்துனரைக் கண்டுபிடிக்கும் வரை பஸ் நகரவில்லை. ஹைதராபாத் வந்த பிறகும் அப்படியே. அவரைப் பார்த்துவிட்டு வந்தால், வீடு சேர்ந்ததும் போன் செய்து "மேலே வந்துட்டோம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவரே கூப்பிடுவார்.

இப்போது என் மடத்தனத்துக்கு வருகிறேன். கோமதி நிறைமாதம். நான் காலை ஷிப்டில் பம்ப் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சுரங்கத்துக்குள் இருந்த போனில் தகவல் வந்தது: வலி எடுத்துவிட்டது, டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஸ்பேனரை அங்கேயே போட்டுவிட்டுச் சரிவுப் பாதையில் ஓட்டமும் நடையுமாக ஏறினேன். வெளியே கரி லாரி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. தொற்றிக்கொண்டேன். லேம்ப் ரூம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே ஞாபகத்தில் இல்லை. இரண்டு மணிக்குப் பெண் பிறந்தாள். தலையில் ஹெல்மெட், நெற்றியில் விளக்கு, முகமெல்லாம் கரி என்று நான் குனிந்து பார்த்தேன். அவள் வீறிட்டு அழுதாள். அதில் அவள் மேல் தப்பு எதுவும் இல்லை.

மூன்றரை மணிக்குச் சங்கு ஊதியது. ஷிப்ட் சங்கு மூன்றுக்கே ஊதிவிட்டது. நேரம் தப்பி ஊதினால் அது விபத்துச் சங்கு. வார்டே எழுந்து நின்றது. "யாரு வீட்டு ஆளோ, நீங்க போங்க" என்று கோமதி என்னைத் தள்ளினாள். ஓடினேன். மரக்கட்டை அடுக்கியிருந்த பக்கமாகக் குறுக்கே விழுந்து ஓடினேன். சுரங்க வாசலில் காலனி முழுவதும் கூடியிருந்தது. பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். "ஒருத்தன் உள்ளே மாட்டிக்கிட்டான்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. யார் என்று கேட்க நேரமில்லை. என்னிடம்தான் விளக்கு இருக்கிறதே. கரி முகத்தை யாரும் அடையாளம் காணவில்லை; நேரே இறங்கிவிட்டேன்.

மேலே நடந்ததை எனக்குப் பிறகு சொன்னார்கள். 214-ஆம் ஆணியில் பில்லை தொங்கியதைக் கண்டதும் அண்ணன் அடுத்த ஷிப்டை இறங்க விடவில்லை. வெடி வைக்கவும் விடவில்லை. ஆள் வீட்டுக்குப் போயிருப்பான், அநாவசியமாக வேலையை நிறுத்தாதே என்று மேனேஜர் கத்தியிருக்கிறார். "ஒண்ணு எனக்கு வெளக்கு வேணும், இல்லேன்னா ஆளு வேணும். ரெண்டும் இல்லாம கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் எழுதியதையும் மீறி, அந்தக் காலோடு தானே உள்ளே இறங்கிவிட்டார்.

இரண்டாவது வளைவில் எதிரே ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. அண்ணன். தொண்டை கட்டும் அளவுக்கு யாரையோ கூப்பிட்டுக்கொண்டு வந்தார். காற்றோட்ட விசிறியின் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"அண்ணே, நானும் தேடத்தான் வந்தேன். உள்ளே இருக்கது யாரு?" என்றேன்.

அவர் தன் விளக்கை என் முகத்துக்கு நேரே தூக்கினார்.

"உன்னத்தான்டா தேடிக்கினு கீறேன்" என்றார்.

அறையப்போகிறார் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதையை நான் உளறி முடித்ததும் கேட்டார், "இன்னா கொழந்த?"

"பொண்ணு அண்ணே."

"நல்லாருக்கட்டும்" என்று என் கையைப் பிடித்தார். அப்புறம்தான் காலைக் காட்டினார். "முன்னாடி வேலை செஞ்ச சொரங்கத்துல கூரை எறங்கிச்சு. என்னை எண்ணாமலே எல்லாரும் வந்துட்டாங்கன்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போயிட்டாங்க. மறுநாள்தான் எடுத்தாங்க. அங்க கெடந்தப்போ வலி பெருசாத் தெரியலடா. ஒருத்தன்கூட நம்மளத் தேடலையேன்னுதான் இருந்திச்சு." அவ்வளவுதான் சொன்னார். அதன் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

அந்தக் குழந்தைக்குத் தீபா என்று பெயர் வைத்தவர் அவர்தான். விளக்கோடு போய்ப் பார்த்த பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பது என்றார்.

பின்னாளில் சுரங்கத்தை மூடினார்கள். லேம்ப் ரூம் சாமான்கள் பழைய இரும்புக்குப் போயின. அண்ணன் அனுமதி கேட்டு ஒரே ஒரு பில்லையை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "சண்முகம், உன்ன விட நான் மூத்தவன். முன்னாடி எறங்கப் போறவன். அப்போ இத எங்கிட்ட குடுத்துடு. உன் பில்லை என் ஆணியில தொங்கட்டும். நீ வர்ற வரைக்கும் எண்ணிக்கைய மூட மாட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அந்தப் பில்லைதான் செவ்வாய்க்கிழமை காணவில்லை.

ஹப்சிகுடாவில் எங்கள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்காமல், மூன்று மணிக்கு வெறுங்கையோடு குஷாய்குடா போய்ச் சேர்ந்தோம். காலனிக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வந்து தெருவை நிறைத்திருந்தார்கள். பெட்டிக்குள் அண்ணன் வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். பில்லை போக வேண்டிய அந்தச் சட்டைப் பையைப் பார்த்ததும் ஞாபகம் வந்து கோமதி என் கையைக் கிள்ளினாள். "தீபா ஸ்கூட்டர் வாங்கினப்போ அவகிட்ட குடுத்தீங்களே."

தீபா ஸ்கூட்டரை ஆபீசில் விட்டுவிட்டு மாதாப்பூரிலிருந்து மெட்ரோவில் வந்துகொண்டிருந்தாள். போனில் விஷயத்தைச் சொன்னேன். "அப்பா, அதி நா ஸ்கூட்டர் கீஸ்கே உந்தி. கீஸ் ஆபீஸ்லோ உன்னாயி" என்றாள். சாவிக்கொத்தில் இருக்கிறது, சாவி ஆபீசில் இருக்கிறது. "நேனு வெனக்கி வெள்தா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அமீர்பேட்டில் இறங்கித் திரும்பிப் போய்விட்டாள்.

நான்கு மணி. போதகர் ஜெபத்தை முடித்துவிட்டார். நாலேகால். "அவுர் கித்னா தேர், பாய்?" என்று சவ வண்டிக்காரர் இரண்டு முறை கேட்டார். இன்னும் எவ்வளவு நேரம்? மூடியைத் தூக்க இரண்டு பேர் குனிந்தார்கள். அப்போது ராஜய்யா எழுந்தார். எங்களோடு கரி வெட்டியவர். இப்போது கைத்தடி இல்லாமல் நிற்க முடியாது. தடியைப் பெட்டிக்குக் குறுக்கே வைத்து, "ஒக மனிஷி இன்கா ராலேது" என்றார். ஓர் ஆள் இன்னும் வரவில்லை. காலனிக்காரர்கள் அத்தனை பேரும் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். கிரேஸ் அழுதபடியே வண்டிக்காரரிடம், "டஹ்ரோ பாய்" என்றாள். கொஞ்சம் பொறுங்கள். அவரை வழியனுப்ப இதைவிடச் சரியான மரியாதை வேறு கிடையாது.

ஐந்து மணிக்குத் தெருமுனையில் ஹாரன் கேட்டது. தீபா விடாமல் அடித்துக்கொண்டே வந்தாள். வண்டியை ஸ்டாண்டு போடாமல் சாய்த்துப் போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். முகமெல்லாம் ரோட்டுப் புழுதி. அவளை நான் முதன்முதலில் பார்த்தபோது நான் நின்ற கோலத்தில் அவள் நின்றாள். சாவிக்கொத்திலிருந்து பில்லையைக் கழற்ற அவளால் முடியவில்லை. நான் வாங்கிக் கழற்றினேன். அண்ணனின் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். ராஜய்யா தடியை எடுத்தார்.

இரவு வீடு சேர்ந்ததும் கோமதி கிரேஸுக்குப் போன் செய்து, "மேலே வந்துட்டோம்மா" என்றாள்.

அண்ணே, எனக்கு ஷிப்ட் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. விளக்கு என்னிடம், பில்லை உங்களிடம். இந்த முறை எந்த லாரியிலும் தொற்றிக்கொள்ள மாட்டேன். நேரே உங்கள் ஜன்னலுக்கு வருவேன். அதுவரை எண்ணிக்கையை மூடாதீர்கள்.