வடக்குப் பார்த்த அன்ரெனா

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டை மாடியில் பெரிய அன்ரெனா ஒன்று நின்றது. என் கணவர் பௌதிக விரிவுரையாளர். சில நூறு வருடங்களுக்கு முன் வெடித்துச் செத்த ஒரு விண்மீனின் எச்சத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை, ஒவ்வொரு வருடமும் தைப்பொங்கல் கழிந்ததும் அளப்பார். அந்த நாட்களில் அது பிற்பகலில் வடக்கு வானத்தில் நிற்கும். ரேடியோ அலைக்கு வெயில் தடையில்லை. எச்சம் மெல்ல மங்கிக்கொண்டிருந்தது. வருடத்துக்கு எவ்வளவு மங்குகிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

முறை எனக்கும் பழகிவிட்டது. முதலில் எச்சத்தை நோக்கி ஓர் அளவு. பிறகு அன்ரெனாவைச் சற்றே விலக்கி, வெறும் வானத்தில் இன்னோர் அளவு. வெறும் வானத்திலும் இரைச்சல் உண்டு. அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் எச்சத்தினுடையது.

"செத்ததைப் பாக்க இவ்வளவு கம்பியோ தம்பி? எங்களுக்குக் கிரிக்கெட்டாவது எடுத்துத் தாருமன்," என்று கீழ்வீட்டு அக்கா பகிடி பண்ணுவா.

அந்த வருடம் நகரில் குண்டு வெடித்து, சுற்றிவளைப்புகள் தொடங்கின. அன்ரெனாவைக் கழற்றச் சொன்னார் வீட்டுக்காரர். என் கணவர் ஒரு கிழமை தவணை கேட்டார். முதல் அளவை எடுத்து முடித்து, விலக்குவதற்காக அன்ரெனாவில் கை வைத்தபோது பொலிஸ் மேலே வந்தது. அதிகாரி சிங்களத்தில் மரியாதையாகவே கதைத்தார். இது ஏன் வடக்குப் பார்த்து நிற்கிறது என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். கொழும்பிலிருந்து பார்த்தால் அந்த எச்சம் வடக்கில்தான் நிற்கும் என்று இவரும் திரும்பத் திரும்பச் சொன்னார். அதிகாரி அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்தார். யாழ்ப்பாணம். பிறகு கேள்வி இல்லை. அன்ரெனாவை அறுத்து எடுத்தார்கள். இவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

விசாரணை முடிந்து திரும்பி வந்தார்.

ஒரு நாள் வரைபுத் தாளை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு இருந்தார். வருடத்துக்கு ஒரு புள்ளி. அந்த வருடத்துக்கு எச்சத்தின் அளவு இருந்தது, கழிப்பதற்கு வானம் இல்லை.

"போன வருசத்து வானத்தையே கழியுங்கோவன். பெரிய வித்தியாசம் வராது," என்றேன்.

"அண்டைக்கு வானம் எப்பிடி இருந்ததெண்டு எங்களுக்குத் தெரியாதே."

பென்சிலை வைத்துவிட்டுத் தாளைச் சுருட்டினார்.

அடுத்த தை மாதம், பிற்பகலில் காய்ந்த உடுப்பு எடுக்க நான் மட்டும் மேலே போனேன். அறுத்த அன்ரெனாக் கம்பியின் அடிக்கட்டை சீமெந்தில் நின்றது. கொடிக்கயிற்றின் ஒரு நுனியை அதில்தான் கட்டியிருந்தேன்.