மடித்து வைத்த கழுதை

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. நாத்தனார் பிள்ளையும் என் கையால்தான் சோறு தின்றது. படித்தது மூன்றாம் வகுப்பு. அதனால் இதை எழுத இரண்டு நாள் பிடித்தது. பிடிக்கட்டும், எனக்கென்ன பஸ்ஸா போய்விடப் போகிறது?

என் அப்பா கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் குதிரையைப் பார்த்துக்கொண்டவர். பர்மாச் சண்டைக்குப் போனபோது, குதிரை தெரிந்தவன்தானே என்று கையில் ஒரு கோவேறு கழுதையைப் பிடித்துக் கொடுத்தார்கள். லொறி ஏறாத எல்லை மலைகளில் பீரங்கியைக் கழற்றி, துண்டு துண்டாகக் கழுதைகள் மேல் ஏற்றிப் போவார்களாம். அப்பாவின் கழுதை சுமந்தது சக்கரம். கத்தினால் எதிரிக்குக் கேட்குமென்று அதன் குரலையும் அறுத்துவிட்டார்கள். "அவனுக்கும் சேர்த்து நான்தான் பேசிக்கிட்டே நடந்தேன்" என்பார்.

இருவரும் நிற்கிற படம் என்னோடு அம்பிட்டியவுக்கு வந்தது. நான் வாழ்க்கைப்பட்டது கிளார்க்கு உத்தியோகக்காரர்கள் வீடு. "உங்கப்பா பட்டாளத்துல என்னவா இருந்தாரு?" என்று மாமியார் கேட்டதும், "பீரங்கிப் படை" என்றேன். சக்கரமும் பீரங்கிதானே! படத்தை நடுவில் மடித்து, அப்பா மட்டும் தெரிகிற மாதிரிச் சட்டம் போட்டு மாட்டினேன். அவர் கையிலிருந்து ஒரு கயிறு சட்டத்தின் ஓரம் வரை போகும். பீரங்கி இழுக்கிற கயிறு என்று ஐம்பது வருஷம் சொல்லிவிட்டேன். கேட்டவர்களும் தலையாட்டினார்கள்.

ஒருமுறை அப்பா வந்திருந்தார். கதிரையில் உட்கார்ந்து படத்தையே பார்த்தார்.

"அவன் எங்கம்மா?"

"சட்டம் சின்னதுப்பா."

சரி என்று தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு கண்ணை மூடும்வரை என் வீட்டில் அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

முந்தாநாள் பேத்தி, பள்ளிக்கூடக் கண்காட்சிக்கென்று படத்தைக் கழற்றிப் பிரித்துவிட்டாள். மருமகளைப் பெற்ற சம்பந்தியம்மா தெல்தோட்டையிலிருந்து வந்து பக்கத்திலேயே இருந்தாள்.

"ஏன் சம்பந்தி, இதுதானா அந்தப் பீரங்கி? ரெண்டு காது இருக்கே!"

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

"மறுபடி மடிச்சிரவா அப்பாயி?"

மடித்தால் அழகாக மடியும். அந்தக் கோடு நான் நகத்தால் அழுத்திப் போட்டது. குரலில்லாத பிராணிக்காக ஒரு மனுஷன் மலை முழுக்கப் பேசினார். அவருக்காகப் பேச வேண்டிய நான் சட்டம் சின்னது என்றேன்.

"வேணாம். பெரிய சட்டமா வாங்கு" என்றேன்.

படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதித் தரச் சொன்னாராம் டீச்சர். எனக்கு இரண்டு வரியில் அடங்கவில்லை. இவ்வளவையும் எழுதிவிட்டேன்; படத்துக்குக் கீழே ஒட்ட வேண்டியது இது மட்டும்: இடப்பக்கம் என் அப்பா. வலப்பக்கம், அவரோடு பீரங்கி சுமந்த கோவேறு கழுதை.

பாப்பா, இங்க வா. முதல்லருந்து வாசிச்சுக் காட்டு. கழுதை வர்ற இடமெல்லாம் சத்தமா வாசி. சம்பந்தி குசினியில அடுப்புக்கிட்ட இருக்காங்க, கேக்கட்டும்.