கருப்பட்டிக் காப்பியில் கரைந்த சாட்சி

போன வாரம் பேத்தி வந்திருந்தாள். சென்னையில் வக்கீல். புதிதாக அடித்த விசிட்டிங் கார்டை நீட்டினாள். இங்கிலீஷ். என்ன போட்டிருக்கு என்று கேட்டேன். 'ஒயிட் காலர் கிரைம் அண்ட் ரெகுலேட்டரி டிஃபென்ஸ்' என்றாள். கத்தி, அரிவாள் இல்லாத குற்றமாம். லைசென்ஸ், ஃபைல், அரசாங்க விதி... இதில் மாட்டுகிறவர்களுக்காக வாதாடுகிறாளாம்.

இதைத்தானே உன் தாத்தா செய்தார்? அவர் போர்டில் 'வக்கீல்' என்று மட்டும்தான் இருந்தது. காலர் வெள்ளைதான். கஞ்சி போட்டவள் நான்.

எழுபதுகள். தூத்துக்குடிக்குப் புது ஹார்பர் வந்த சமயம். எங்கள் வீட்டு முன்னறைதான் அவர் ஆபீஸ். கஸ்டம்ஸ் நோட்டீஸ் வாங்கிய ஏற்றுமதிக்காரர், லைசென்ஸ் ரத்தான உப்பளக்காரர், முத்திரை இல்லாத எடைக்கல்லோடு மாட்டிய கடைக்காரர்... எல்லோரும் அங்கே கிடந்த ஒரே பெஞ்சில்தான். வெளியே பெரிய மனிதர்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் ஒரே முகம் — பெயிலான பையன் முகம்.

எங்கள் பக்கத்தில் வக்கீல் வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஆத்தூர் வெற்றிலை, வாழைத்தார், கருவாடு. என் வீட்டுக்காரர் நாசரேத்தில் மிஷன் ஸ்கூலில் படித்தவர். எதையும் வாங்கக் கூடாது என்பது அவர் சட்டம். வாழைத்தார் திரும்பிப் போகும். கருவாடு மட்டும் எப்படியோ வழி தவறி அடுப்படிக்குள் வந்துவிடும்.

அப்படி ஒரு நாள் செல்லையா அண்ணாச்சி வந்தார். சாத்தான்குளத்துக்காரர், இங்கே கருப்பட்டிக் கடை. அவர் கருப்பட்டியில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்து, கலப்படக் கேஸ். ஜெயித்தால் கடை. தோற்றால் ஆறு மாதம் ஜெயில்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அவர் மேசையில் வைத்துவிட்டுப் போன பாட்டில்தான். உள்ளே உடைத்த கருப்பட்டி. வாயைக் காகிதத்தால் மூடி, நூல் சுற்றி, அரக்கு வைத்திருந்தது. ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதுவும் இங்கிலீஷ். நான் அஞ்சாம் கிளாஸ். எறும்பு ஏறாமல் இருக்க அரக்கு வைத்திருக்கிறாரே, எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவாரே? விடுவேனா... கத்தியை விட்டு ஒரே நெம்பு. கருப்பட்டியை அடுப்படி டப்பாவில் கொட்டி, பாட்டிலைக் கழுவியும் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி மறுபடி வந்தார். அவருக்கும், வீட்டுக்காரருக்கும், குமாஸ்தாவுக்கும் காப்பி கொண்டுபோனேன். அண்ணாச்சி ஒரு வாய் குடித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, இது எங்க பக்கத்துக் கருப்பட்டில்லா? நயம் சரக்கு. எங்கன வாங்குனிய?"

"நல்லா கேட்டிய போங்க. நீங்க கொண்டாந்ததுதான அண்ணாச்சி."

மூன்று டம்ளரும் அப்படியே நின்றன.

"ஏளா," என்றார் வீட்டுக்காரர் மெதுவாக, "அந்த பாட்டிலயா தொறந்த?"

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. இன்ஸ்பெக்டர் கருப்பட்டியை மூன்று பாட்டிலில் போட்டுச் சீல் வைத்திருக்கிறார். ஒன்று பரிசோதனைக்குப் போய்விட்டது. ஒன்று இன்ஸ்பெக்டரிடம். ஒன்று அண்ணாச்சியிடம். அதைக் கல்கத்தாவில் இருக்கும் மத்திய அரசு லேபுக்கு அனுப்பி மறுபடி சோதிக்கச் சொல்லி கோர்ட்டில் கேட்பதுதான் திட்டம். தன் சாட்சியைத்தான் அவர் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

குமாஸ்தா ஒரு யோசனை சொன்னார். டப்பாவில் மிச்சம் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது, அரக்கு கடையில் கிடைக்கும். யாருக்குத் தெரியப்போகிறது? அண்ணாச்சி வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அப்படியே செஞ்சிருவோம். இன்ஸ்பெக்டர் பாட்டில்ல என்ன இருக்கோ, யார் கண்டா? ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன் கடையில எவன் சார் படி ஏறுவான்?"

வீட்டுக்காரர் கையை விடுவித்துக்கொண்டார். "கலக்கலைனு சொல்லத்தான என்கிட்ட வந்திய? நானே கலந்தா எப்படி?"

விசாரணை அன்று, மாஜிஸ்ட்ரேட் கேட்டால் பதில் சொல்ல என்னையும் கூட்டிப்போனார். பின் பெஞ்சில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எலி உருட்டி பாட்டில் உடைந்தது என்று சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். நானாயிருந்தால் எலியோடு ஒரு பூனையையும் சேர்த்திருப்பேன். அவர் எழுந்தார். "கட்சிக்காரர் என்னை நம்பிக் கொடுத்த பாட்டிலை, விவரம் தெரியாமல் என் மனைவி திறந்து காப்பி போட்டுவிட்டார். நாங்கள் குடித்தும்விட்டோம்," என்றார். இன்ஸ்பெக்டரிடம் இருக்கும் பாட்டிலையே கல்கத்தாவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார்.

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்ட்ரேட்டும் பேனாவால் உதட்டை மறைத்துக்கொண்டார். என்னை எதுவும் கேட்கவில்லை. பாட்டிலை அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டார்.

சிரிக்காதவர்கள் அண்ணாச்சி, வீட்டுக்காரர், நான் — மூன்று பேர்தான்.

பதில் வர மாதக்கணக்கானது. அண்ணாச்சி அடிக்கடி வந்து பெஞ்சில் உட்காருவார். காப்பி தந்தால் வேண்டாம் என்பார். கடையில் கூட்டம் குறைந்துவிட்டது என்று குமாஸ்தா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டால், ஜெபம் கல்கத்தாவைத் தாண்டிப் போகாது எனக்கு. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் நானும் பதிலுக்கு நாலு சொல்லி ஆறியிருப்பேன். அந்த மனுஷனுக்கு அது தெரியும். இப்போது நினைத்தாலும் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. அவர் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

ரிப்போர்ட் வந்தது. சுத்தமான கருப்பட்டி. கேஸ் தள்ளுபடி. அண்ணாச்சி கோர்ட் வாசலிலேயே உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பிறகு எழுந்துபோய், அத்தனை மாதமும் சந்தேகப்பட்ட இன்ஸ்பெக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மனிதர் பாட்டிலைத் தொடவே இல்லையே!

முதல் ரிப்போர்ட் எப்படித் தப்பானது? எனக்குத் தெரியாது. தெரிந்தது இதுதான். வியாபாரி கலக்கவில்லை. இன்ஸ்பெக்டர் மாற்றவில்லை. வக்கீல் மறைக்கவில்லை. அந்தக் கேஸில் நிஜமாகவே சீலை உடைத்தவள் ஒருத்திதான் — அவளுக்கு மட்டும் இன்றுவரை சம்மன் வரவில்லை.