அப்பாவின் ஓர்கிட் கூடாரம்

கண்டி மழையில் சரியாகக் காயாத மகனின் பள்ளிச் சட்டையை இஸ்திரி போட்டபோது எழுந்த ஈர வாடை, என்னைக் கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வளர்ந்த வீட்டுக்கு இழுத்துப் போனது. அங்கே அம்மா துணி காயப்போடும் இடத்தில் அப்பா நிழல்வலை கட்டி, பொலித்தீன் கூரை போட்டு ஓர்கிட் பூச்செடிகள் வளர்த்தார். எங்கள் பள்ளிச் சட்டைகள் அடுப்புப் புகையில்தான் காய்ந்தன.

“ஏங்க, பூக்காத செடிக்குக் கூரை, புள்ளைங்க சட்டைக்கு ஒரு கொடி இல்லையா?” என்று அம்மா தினமும் கத்துவார்.

“மெதுவா பேசு, மொட்டு வர்ற நேரம்,” என்பார் அப்பா. மொட்டு வந்ததே இல்லை.

ஒருமுறை அப்பா வேலைப் பயிற்சிக்காக இரண்டு மாதம் கொழும்புக்குப் போனார். அன்றைக்கே அம்மா ஓர்கிட் செடிச் சாடிகளையெல்லாம் வேலியோரம் காலை வெயில் படும் இடத்தில் தூக்கி வைத்துவிட்டு, கூடாரத்துக்குள் கொடி கட்டினார். மழையிலும் எங்கள் சட்டைகள் காய்ந்தன. அப்பா திரும்பி வந்தபோது வேலி நெடுக ஊதாப் பூக்கள் பூத்திருந்தன.

“பாத்தியா? நான் போட்ட உரம் இப்பதான் வேலை செய்யுது!” என்று பூரித்துப் போனார்.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

“வேலை செஞ்சது வெயிலுங்க. இனி ஒரு சாடி உள்ள வந்துச்சுன்னா, நீங்க வெளியதான் படுக்கணும்.”

அதன்பிறகு ஒரு சாடியும் உள்ளே வரவில்லை. அப்பா மட்டும், பூப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் உரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.